ரூட் பயனரின் ஹோம் அடைவு எங்கே இருக்க வேண்டும்: /ரூட், /ஹோம்/ரூட், அல்லது வெறும் சாய்கோடா?

அகல்விளக்கு

எங்கள் அலுவலகத்தில் புதிய லினக்ஸ் சர்வர்களுக்கான நிறுவல் விதிமுறையைத் திருத்தி எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அதில் நான் சேர்த்த ஒரு வரியை உடன் பணிபுரிவோர் ஏற்க மறுக்கிறார்கள். ஆகவே அதை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன். மற்ற பயனர்கள் அனைவரும் தம் சொந்தக் கோப்புகளை வைக்கும் ஹோம் அடைவுகளும் /ஹோம் என்பதன் கீழ் இருக்கும்போது, எல்லா அதிகாரமும் கொண்ட நிர்வாகக் கணக்கான ரூட் பயனருக்கு மட்டும், சாய்கோட்டால் (/) குறிக்கப்படும் வேர் அடைவை ஒட்டி /ரூட் என்று தனியிடம் ஒதுக்குவது பழைய காலத்து ஏற்பாடு என்றும், அதை /ஹோம்/ரூட் என்று மாற்றிவிடலாம் என்றும் நான் கருதுகிறேன்.

/ரூட் தனியே வைக்கப்பட்டதற்குச் சொல்லப்படும் காரணம் இங்குள்ளோர் அறிந்ததே. கணினி பழுதுபார்ப்புக்கான ஒற்றைப் பயனர் நிலையில் எழும்பும்போது, வேர் அடைவு உள்ள டிஸ்க் பகுதியான வேர்ப் பார்ட்டிஷன் மட்டுமே மவுண்ட் ஆகியிருக்கும், அதாவது இணைக்கப்பட்டிருக்கும். /ஹோம் வேறு டிஸ்கில் இருந்தால் அது அப்போது கைக்கு எட்டாது. பழுது பார்க்க வரும் நிர்வாகிக்கோ அவருடைய கோப்புகள் கிடைத்தாக வேண்டும். கட்டளைகளை /பின் என்றும் /யூஎஸ்ஆர்/பின் என்றும் இரண்டு இடங்களில் பிரித்து வைத்ததற்கும் இதே காரணம்தான் பல ஆண்டுகள் சொல்லப்பட்டது. இயங்குதளத்தின் கருவான கர்னலுடன் சேர்ந்து ஏறி, டிஸ்குகளை மவுண்ட் செய்து தரும் தற்காலிகக் கோப்பு முறைமையான இனிட்ராம்எஃப்எஸ் வந்த பிறகு அந்தக் காரணம் வலுவிழந்தது. 2012இல் ஃபெடோரா 17 என்ற லினக்ஸ் வெளியீடு அவ்விரண்டு அடைவுகளையும் ஒன்றாக்கியது. 2023இல் வெளிவந்த டெபியன் 12 அந்த ஒன்றிணைப்பைக் கட்டாயமாக்கியது. அங்கே கைவிடப்பட்ட காரணத்தை இங்கே மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்?

நடைமுறையில் இதனால் தொல்லையும் உண்டு. /ரூட் வேர்ப் பார்ட்டிஷனில் இருப்பதால், அவசரத்துக்கு எடுத்த டேட்டாபேஸ் டம்ப் (முழு நகல்), எப்போதோ இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு, பாதியில் விட்ட டார் கோப்பு எல்லாம் அங்கேதான் குவிகின்றன. டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை இயல்பாகவே 5 விழுக்காட்டு இடத்தை ரூட் பயனருக்கென்று ஒதுக்கி வைக்கிறது. மற்றவர்கள் டிஸ்கை நிரப்பிவிட்டாலும் ரூட் உள்ளே வந்து சரிசெய்ய இடம் மிஞ்ச வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நிரப்புகிறவரே ரூட் என்றால் அந்த ஒதுக்கீடும் சேர்ந்து தீர்ந்துபோகிறது. அதன் பின் ஒரு கடவுச்சொல்லை மாற்றக்கூட இடம் இருக்காது. மேலும், எஃப்எச்எஸ் என்று அழைக்கப்படும் கோப்பு முறைமைத் தரநிலையே /ரூட் அடைவைக் கட்டாயப் பட்டியலில் வைக்கவில்லை. அது பரிந்துரைக்கப்படும் இயல்பிடம் என்றும், உருவாக்குவோரோ அந்தந்த இடத்து நிர்வாகியோ விருப்பப்படி தீர்மானித்துக்கொள்ளலாம் என்றும்தான் அத்தரநிலை சொல்கிறது.

பழங்கணினி

நண்பர் அகல்விளக்கு காரணத்தைச் சரியாகவே எடுத்துச் சொல்லியிருக்கிறார். அது காலாவதியாகிவிட்டது என்ற முடிவைத்தான் நான் ஏற்கவில்லை.

முதலில் வரலாறு. 1979இல் வந்த லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில், பயனர் கணக்குகளைப் பட்டியலிடும் பாஸ்வேர்ட் கோப்பில் ரூட் பயனரின் ஹோம் அடைவாக ஒற்றைச் சாய்கோடுதான், அதாவது வேர் அடைவேதான், குறிக்கப்பட்டிருந்தது. சாதாரணப் பயனர்கள் அன்று /யூஎஸ்ஆர் என்பதன் கீழ் இருந்தார்கள். வேர் அடைவே ரூட்டின் ஹோம் என்ற வழக்கம், யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களுள் சோலாரிஸில் 10ஆம் பதிப்பு வரை நீடித்தது, எச்பி-யூஎக்ஸிலும் அப்படியே, ஏஐஎக்ஸில் இன்றும் இயல்பு அதுதான். 2011இல் வந்த சோலாரிஸ் 11 /ரூட் என்று மாற்றியது. பிஎஸ்டி வகைகளும் லினக்ஸும் அதற்கு வெகு முன்பே மாற்றியிருந்தன. ஆகவே, ஒரு காலத்தில் /ஹோமில் மற்றவர்களுடன் இருந்த ரூட்டை யாரோ பிரித்தெடுத்துத் தனிக்குடித்தனம் வைத்தார்கள் என்ற எண்ணத்துக்கே இடமில்லை. வேர் அடைவிலேயே அமர்ந்து அதைக் குப்பையாக்கிக்கொண்டிருந்தவரை, அதே டிஸ்கில் ஒரு படி கீழே இறக்கி உட்கார வைத்தார்கள். /ரூட் பிறந்த விதம் அது. வேரை விட்டு அகலக் கூடாது என்பது அந்த ஏற்பாட்டின் பாதி. வேரைக் கெடுக்கக் கூடாது என்பது மறுபாதி.

அடுத்து இனிட்ராம்எஃப்எஸ். அது வேரை மவுண்ட் செய்கிறது. தேவைப்பட்டால் /யூஎஸ்ஆரையும் மவுண்ட் செய்கிறது. அத்துடன் கட்டுப்பாட்டைக் கைமாற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. /ஹோமை அது தொடுவதே இல்லை. /பின் ஒன்றிணைப்புக்குப் பொருந்திய வாதம் இங்கே பொருந்தாமல் போவது இதனால்தான்.

/ஹோம் இருக்கும் டிஸ்க் பழுதானால் இன்று என்ன நடக்கிறது என்பதைத் திரையில் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அந்த டிஸ்குக்காக, கணினியின் சேவைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி ஒன்றரை நிமிடம் காத்திருக்கும். விநாடிகள் ஏறுவதைத் திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். மவுண்ட் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில் /ஹோம் வரிக்கு, கிடைக்காவிட்டாலும் மேலே செல் என்று பொருள்படும் நோஃபெயில் என்ற குறிப்பு இல்லாவிட்டால் கணினி அவசரநிலைக்குள் விழுந்து ரூட் கடவுச்சொல்லைக் கேட்கும். கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போகும் நிர்வாகியின் ஹோம் அடைவு, எந்த டிஸ்க் இல்லை என்பதற்காக அவர் வந்தாரோ அதே டிஸ்கில் இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதற்கு இது ஒப்பாகும்.

கோப்புகளை வலையமைப்பு வழியே பகிரும் என்எஃப்எஸ் பற்றியும் சொல்லியாக வேண்டும். /ஹோமை வேறொரு சர்வரிலிருந்து பகிர்ந்துகொள்ளும் இடங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அங்கே ரூட்-ஸ்குவாஷ் என்ற விதி இயல்பாகவே இயங்குகிறது; இந்தக் கணினியின் ரூட், அந்தச் சர்வரின் பார்வையில் யாருமற்ற ஒரு பயனர். /ஹோம்/ரூட் அடைவுக்கு 0700 (உரிமையாளருக்கு மட்டும்) என்ற அனுமதி இருந்தால் ரூட்டால் தன் சொந்த அடைவுக்குள்ளேயே நுழைய முடியாது.

ஒற்றைச்சாய்கோடு

இரு தரப்பும் ஒரே அனுமானத்தில் நிற்பதாக எனக்குத் தோன்றுகிறது: ரூட் பயனருக்கு ஒரு ஹோம் தேவை என்பதே அந்த அனுமானம். ரூட் என்பவர் ஆள் அல்லர். அது ஓர் அதிகாரம். சோலாரிஸ் 11 இதை வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டு, ரூட்டை நேரடியாக உள்நுழைய முடியாத ஒரு பொறுப்பாக மாற்றியது. உபுண்டு தொடக்கத்திலிருந்தே ரூட்டின் கடவுச்சொல்லைப் பூட்டி வைத்திருக்கிறது. எஃப்எச்எஸ் தரநிலையிலும் /ரூட் பற்றிய பகுதியின் அடிக்குறிப்பைப் படித்துப் பாருங்கள்: ரூட் கணக்கை நிர்வாகப் பணிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், அஞ்சல் போன்றவற்றுக்கான துணை அடைவுகள் அதன் ஹோமில் இருக்கக் கூடாது, ரூட்டுக்கு வரும் அஞ்சலை உரிய பயனருக்குத் திருப்பிவிட வேண்டும் என்றெல்லாம் அது சொல்கிறது.

எதையுமே வைக்கக் கூடாத ஓர் அடைவுக்கு எதற்குத் தனி முகவரி? ஏழாம் பதிப்பைப் போல ஹோம் என்ற இடத்தில் சாய்கோட்டைப் போட்டுவிட்டு, அங்கே எதையும் எழுதாமல் இருப்பதே நேர்மையான ஏற்பாடு. வேர் அடைவு இல்லாத நிலை என்று ஒன்று கிடையாது. கணினி எந்த நிலையில் எழும்பினாலும் அது இருக்கும். பழங்கணினி ஐயா எழுப்பிய அவசரநிலைக் கேள்விக்கு இதைவிட முழுமையான விடை உண்டா?

மின்மினி

ஒற்றைச்சாய்கோடு அவர்களின் விடை தாளில் முழுமையானது. அதில் வாழ்ந்து பார்த்தவர்கள் மறுபடி அங்கே போக மாட்டார்கள். நான் அதில் தினமும் வாழ்கிறேன், அதுவும் விரும்பாமல். என் வேலை, நிரல்களைத் தனித்தனிச் சூழலில் அடைத்து இயக்கும் கன்டெய்னர்களோடு. ஒரு கன்டெய்னரைப் பாஸ்வேர்ட் கோப்பில் இல்லாத ஒரு பயனர் எண்ணின் பெயரில் இயக்கினால், அதை இயக்கும் டாக்கர் நிரல் அதற்கு ஹோம் அடைவாகச் சாய்கோட்டைத்தான் கொடுக்கிறது. அதன் பிறகு, ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளை நிறுவும் என்பிஎம் கட்டளை /.என்பிஎம் என்ற அடைவை வேரின் கீழ் உருவாக்க முயன்று, அனுமதி இல்லை என்ற பிழையோடு நின்றுவிடும். வேறொரு நிரல் /.கேஷ் என்ற அடைவைத் தேடும், இன்னொன்று /.கான்ஃபிக் என்பதைத் தேடும். எதையும் எழுதாமல் இருக்கலாம் என்று நீங்களும் நானும் உறுதி எடுத்துக்கொள்ளலாம், நிரல்கள் எடுத்துக்கொள்ளவில்லை. ஹோம் என்ற மாறியில் என்ன இருக்கிறதோ அங்கே அவை எழுதும். எழுதுகிறவர் ரூட்டாக இருந்துவிட்டால் பிழைகூட வராது. வேர் அடைவில் புள்ளியில் தொடங்கும் கோப்புகள் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போகும்.

அனுமதிச் சிக்கல் இதைவிடப் பெரியது. வேர் அடைவைக் கடந்துதான் ஒவ்வொரு பயனரும் ஒவ்வொரு கோப்பையும் அடைகிறார்கள். ஆகவே அதற்கு 0755 போன்ற, எல்லோரும் நுழையக்கூடிய அனுமதி இருந்தாக வேண்டும். ரூட்டின் ஹோம் அதுவே என்றால், கட்டளைகளை ஏற்கும் நிரலான ஷெல்லின் வரலாறு தொடங்கிக் கடவுச்சொல் எழுதி வைத்த மைஎஸ்க்யூஎல் அமைப்புக் கோப்பு வரை ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பூட்ட வேண்டும். ஒன்றை மறந்தால் அது எல்லோருக்கும் திறந்த புத்தகம். டெபியன் /ரூட் அடைவை 0700 என்றும் ரெட் ஹாட் 0550 என்றும் வைத்திருப்பதன் பயனே, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாகக் கவனிக்காமல் வாசலிலேயே நிறுத்திவிடலாம் என்பதுதான்.

ஹோம் அடைவைச் சுருக்கமாகச் சுட்டும் அலைக்குறியை (~) பற்றித் தனியே எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும், ஹோம் அடைவைச் சுத்தம் செய்ய எண்ணி அலைக்குறி, சாய்கோடு, நட்சத்திரக்குறி என்று, கோப்புகளை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்குக் கொடுக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். சாய்கோட்டை மட்டும் தனியே கொடுத்தால் இன்றைய ஆர்எம் மறுத்துவிடும். நட்சத்திரக்குறியோடு கொடுத்தாலோ, ஷெல் அதை /ஈடிசி, /யூஎஸ்ஆர், /வார் என்று விரித்துக் கொடுத்துவிடுவதால், அந்தப் பாதுகாப்பு வேலை செய்யாது.

அகல்விளக்கு

சாய்கோடு வேண்டாம் என்பதில் மின்மினி அவர்களோடு நானும் உடன்படுகிறேன். பழங்கணினி ஐயாவின் வாதங்களுக்கு வருகிறேன்.

/ஹோம் இல்லாதபோது ரூட் உள்ளே நுழையவே முடியாது என்ற தோற்றத்தை அவர் உருவாக்குகிறார், அது சரியன்று. அவசரநிலையில் கடவுச்சொல் கேட்கும் எஸ்யூலாகின் நிரல், ஹோம் அடைவு கிடைக்காவிட்டால் அதை அறிவித்துவிட்டு வேர் அடைவையே ஹோமாகக் கொண்டு உள்ளே விடுகிறது. ஆகவே சாவி உள்ளே அகப்படவில்லை. வாசல் திறந்தே இருக்கிறது. பழுது பார்க்க, டிஸ்கைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே, மவுண்ட், கோப்பைத் திருத்தும் விஐ ஆகிய மூன்றும் போதும். அவை எதுவும் ரூட்டின் ஹோமில் இல்லை.

என்எஃப்எஸ் வாதம் உண்மையானதே. ஆனால் எங்கள் சர்வர்களில் /ஹோம் அதே கணினியின் இரண்டாவது டிஸ்கில் இருக்கிறது. ஒரு சில நிறுவனங்களின் அமைப்புக்காக எல்லோரும் ஒரே விதியைச் சுமக்க வேண்டியதில்லை. வேர்ப் பார்ட்டிஷனை ஒட்டியே ரூட் இருக்க வேண்டும் என்பது இயற்கை விதியும் அன்று. மேக் கணினிகளில் ரூட்டின் ஹோம் /வார்/ரூட் என்று இருக்கிறது. 2019இல் வந்த மேக்ஓஎஸ் கேட்டலினாவிலிருந்து இயங்குதளத்தின் பகுதி எழுத முடியாத தனித் தொகுதியாகவும் (டிஸ்கின் தனிப் பிரிவு), /வார் உள்ளிட்ட மாறும் பகுதி வேறொரு தொகுதியாகவும் பிரிக்கப்பட்டுவிட்டன. அங்கே ரூட்டின் ஹோம் இயங்குதளத்தோடு இல்லை. மற்றவர்களின் தரவோடு இருக்கிறது. அதனால் எதுவும் இடிந்து விழவில்லை.

பழங்கணினி

எஸ்யூலாகின் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அதன் பொருளைக் கவனியுங்கள்: உங்கள் ஏற்பாடு தோற்கும் தருணத்தில் நீங்கள் வந்து விழும் இடம், மின்மினி அவர்கள் இப்போது விவரித்த அதே சாய்கோடு. பதற்றமான வேளையில், ஹோம் எதுவென்று நிர்வாகியின் விரல்கள் பழகியிருக்கிறதோ அதுவல்லாத ஓர் இடத்தை அலைக்குறி சுட்டிக்கொண்டிருக்கும். ஆபத்தான கட்டளைகளை அடிக்கப்போகும் வேளை அதுவே.

விசைப்பலகைக்கு முன்னால் அமர்ந்திருப்பவரைப் பற்றி மட்டுமே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். இன்றைய சர்வர் வேறு ஊரில் இருக்கும்; அதன் திரையை யாரும் பார்ப்பதில்லை; அதனால்தான் /ஹோம் வரியில் நோஃபெயில் என்று எழுதிவைக்கிறோம். டிஸ்க் போனாலும் கணினி எழும்பிவிடும், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் எஸ்எஸ்எச் சேவையும் இயங்கும். ஆனால் சாதாரண நிர்வாகிகள் கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் சாவிக் கோப்புகள் அனைத்தும் அவரவர் ஹோமின் கீழுள்ள .எஸ்எஸ்எச் அடைவில், அதாவது காணாமற்போன டிஸ்கில் இருக்கின்றன. கடவுச்சொல்லால் நுழைவதை நாமே தடுத்துவைத்திருப்போம். அந்த நிலையில் உள்ளே நுழையக்கூடிய ஒரே கணக்கு, /ரூட்டில் சாவியை வைத்திருக்கும் ரூட் கணக்கு. 2015இல் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 7.0இலிருந்து ரூட் கடவுச்சொல்லால் நுழைவது இயல்பாக மறுக்கப்படுகிறது. சாவியால் நுழைவது அனுமதிக்கப்படுகிறது. ரூட்டையும் /ஹோமுக்கு அனுப்பிவிட்டால் அந்த ஒரு வழியும் அடைபடும்.

இன்னொன்று. பாஸ்வேர்ட் கோப்பில் ஒரு சொல்லை மாற்றிவிட்டால் ரூட் இடம்பெயர்ந்துவிட்டார் என்று எண்ண வேண்டாம். சிஸ்டம்டியின் அவசரநிலைச் சேவைக் கோப்பைத் திறந்து பாருங்கள்: ஹோம் மாறியின் மதிப்பு /ரூட் என்று அதில் நேரடியாக எழுதப்பட்டிருக்கிறது. பணி அடைவும் /ரூட்தான். அதன் முன்னால் ஒரு சிறு கோடு இருக்கிறது, அடைவு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பதற்காக. சேவைக் கோப்புகளில் %எச் என்ற குறி ஹோம் அடைவாக விரியும். கணினி முழுமைக்குமான சேவைகளில் அது /ரூட் என்றே விரியும் என்று ஆவணமே சொல்கிறது, பாஸ்வேர்ட் கோப்பில் நீங்கள் என்ன எழுதியிருந்தாலும். கோப்புகளுக்கு முத்திரையிட்டு அணுகலைக் கட்டுப்படுத்தும் எஸ்இ-லினக்ஸின் கொள்கையில் /ரூட்டுக்கு நிர்வாகி ஹோம் என்று தனி முத்திரை உண்டு. /ஹோமின் கீழுள்ளவற்றுக்குச் சாதாரணப் பயனரின் முத்திரை. ஃபெடோரா, ரெட் ஹாட் ஆகியவற்றின் அனகோண்டா நிறுவல் நிரல், நிறுவல் தேர்வுகளைக் குறித்த தன் கிக்ஸ்டார்ட் கோப்பை /ரூட்டில் விட்டுச் செல்கிறது. ஆக, உங்கள் கணினியில் ரூட்டுக்கு ஒன்றல்ல, இரண்டு ஹோம்கள் இருக்கும். எது எங்கே எழுதியது என்று தேடுவது உங்கள் வேலையாகிவிடும்.

ஒற்றைச்சாய்கோடு

எஸ்எஸ்எச் சாவிகளுக்கு ஹோம் அடைவே தேவையில்லை. சாவிக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை எஸ்எஸ்எச் அமைப்புக் கோப்பில் ஒரே வரியில் மாற்றலாம். /ஈடிசியின் கீழ் ஓர் அடைவை உருவாக்கி, பயனர் பெயருக்கு ஒரு கோப்பு என்று வைத்துவிட்டால், /ஹோம் போனாலும் அத்தனை நிர்வாகிகளும் தத்தம் பெயரில் உள்ளே வரலாம். ரூட்டுக்கு வாசலைத் திறந்து வைப்பதைவிட அது மேல்.

அவசரநிலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஃபெடோராவில் ரூட் கணக்கைப் பூட்டியே நிறுவியவர்கள் அந்த நிலைக்குள் விழுந்தால் கடவுச்சொல்லைக் கேட்கும் வரியே வராது. ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது, ஆகவே முனையத்தைத் திறக்க இயலாது என்ற செய்திதான் வரும். அவர்களுக்கு /ரூட் வேர்ப் பார்ட்டிஷனில் இருந்து என்ன பயன்?

பழங்கணினி

சாவிகளை /ஈடிசிக்கு மாற்றுவது நல்ல வழி; அதை மறுக்க மாட்டேன். பூட்டிய கணக்கைப் பொறுத்தவரை, அது பூட்டியவர் தேர்ந்தெடுத்துக்கொண்டது. அதை வைத்து எல்லோருடைய /ரூட்டையும் எடைபோட வேண்டாம்.

அகல்விளக்கு

பெயரை மாற்றினால் இரண்டு ஹோம்கள் உருவாகும் என்ற எச்சரிக்கை எடையுள்ளது. எஸ்இ-லினக்ஸ் முத்திரையை, /ஹோம்/ரூட்டை /ரூட்டாகவே கருது என்னும் சமன் விதி ஒன்றால் சரிசெய்துவிடலாம். %எச் விரிவை அப்படிச் சரிசெய்ய முடியாது என்பதைச் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

ஆனால் /ரூட்டில் உள்ளவை வேர்ப் பார்ட்டிஷனைச் சேர்ந்தவையா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. இயங்குதளத்தை முந்தைய நிலைக்குத் திருப்பும் வசதி உள்ள கணினிகளில் அது பளிச்சென்று தெரிகிறது. ஃப்ரீபிஎஸ்டியில் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையோடு இயல்பாக நிறுவினால், ஹோம் அடைவுகள் தனித் தொகுதியில் இருக்கும். /ரூட் மட்டும் இயங்குதளத்தின் தொகுதிக்குள்ளேயே இருக்கும். ஒரு மேம்படுத்தல் கெட்டுப்போய் முந்தைய நிலைக்குத் திரும்பினால், அந்த மேம்படுத்தல் ஏன் கெட்டது என்று நிர்வாகி /ரூட்டில் எழுதி வைத்த குறிப்பும், அப்போது எழுதிய ஸ்கிரிப்டும் அதோடு சேர்ந்து பின்னோக்கிப் போய்விடுகின்றன. மற்ற பயனர்களின் கோப்புகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. ஓப்பன்சூசே இதைக் கவனித்து, பிடிஆர்எஃப்எஸ் முறைமையில் /ரூட்டை ஒரு துணைத் தொகுதியாகப் பிரித்து, திருப்பும் செயலிலிருந்து விலக்கி வைக்கிறது. ஃபெடோரா சில்வர்ப்ளூ இன்னும் ஒரு படி மேலே போய், உண்மையான அடைவை /வார்/ரூட்ஹோம் என்று வைத்துவிட்டு, /ரூட் என்பதை அதற்கான இணைப்பாக மட்டும் விட்டிருக்கிறது. ரூட்டின் கோப்புகள் இயங்குதளத்தைச் சேர்ந்தவை அல்ல, தரவைச் சேர்ந்தவை என்ற என் நிலைப்பாட்டை இவர்கள் எல்லோரும் நடைமுறையில் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

மின்மினி

அகல்விளக்கு கொடுத்த இரண்டு உதாரணங்களும் அவருடைய வாதத்துக்குப் பாதிதான் உதவுகின்றன. ஓப்பன்சூசேயும் சரி, சில்வர்ப்ளூவும் சரி, கோப்புகள் தங்கும் இடத்தை மாற்றினவே தவிர, /ரூட் என்ற பாதையை மாற்றவில்லை. பாஸ்வேர்ட் கோப்பும் சிஸ்டம்டியும் பல்லாயிரம் ஸ்கிரிப்டுகளும் நம்பியிருப்பது அந்தப் பாதையை. டிஸ்க் நிரம்புவதும் குறிப்புகள் பின்னோக்கிப் போவதும் தங்கும் இடத்தின் பிரச்சினைகள். இரண்டையும் ஒரே கேள்வியாகக் கட்டி வைத்திருப்பதால்தான் இவ்வளவு நேரம் நாம் ஒருவருக்கொருவர் விடை சொல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் /ரூட்டைப் பாதையாக வைத்துக்கொண்டே, அதன் மேல் ஒரு சிறு தனித் தொகுதியை நோஃபெயில் குறிப்போடு மவுண்ட் செய்யலாமே? எத்தனை டம்ப் கோப்புகள் குவிந்தாலும் வேர் நிரம்பாது. அந்தத் தொகுதி கிடைக்காத நாளில், அதன் அடியில் வேர்ப் பார்ட்டிஷனிலேயே இருக்கும் மெய்யான /ரூட் வெளிப்படும்.

பழங்கணினி

மின்மினி அவர்கள் சொன்ன வழியை நான் ஏற்கிறேன், ஆனால் அடியில் இருக்கும் அடைவை வெறுமையாக விடக் கூடாது என்ற நிபந்தனையோடு. மவுண்ட் செய்வதற்கு முன்பே அதில் ஷெல் அமைப்புக் கோப்புகளும் .எஸ்எஸ்எச் அடைவில் ஒரு நிர்வாகச் சாவியும் இருக்க வேண்டும். அடைவின் அனுமதி 0700 ஆக இருக்க வேண்டும். மேலே தொகுதி அமர்ந்த பிறகு அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது என்பதால், சாவியை மாற்றும்போது அடியிலுள்ளதை மாற்ற எல்லோரும் மறந்துவிடுவார்கள். வேர் அடைவை /எம்என்டி போன்ற வேறோர் இடத்தில் பைண்ட் முறையில் (ஓர் அடைவை இன்னோர் இடத்திலும் காட்டும் முறை) மவுண்ட் செய்தால், மேலே அமர்ந்த தொகுதிகள் கூட வராது. மறைந்திருக்கும் /ரூட்டை அங்கே திறந்து பார்க்கலாம், திருத்தலாம்.

வேறொரு கண்ணியும் உண்டு. புதிதாக உருவாக்கிய ஈஎக்ஸ்டி4 தொகுதியின் மேல்நிலை அடைவுக்கு 0755 என்ற அனுமதிதான் இருக்கும். மவுண்ட் ஆனதும் /ரூட்டின் அனுமதியாக நடப்புக்கு வருவது அதுவே. அடியிலுள்ள 0700 அதற்குக் கடத்தப்படாது. முதல் மவுண்டுக்குப் பின் அனுமதியையும், எஸ்இ-லினக்ஸ் இருந்தால் முத்திரையையும், கையால் சரிசெய்யாவிட்டால் ரூட்டின் ஹோம் எல்லோருக்கும் திறந்திருக்கும்.

முத்திரையைப் பற்றிப் பேசும்போது, தரவைக் குவிக்கும் பழக்கத்துக்கும் ஒரு வார்த்தை. இணையதளத்துக்கான கோப்பை /ரூட்டில் இறக்கி, அங்கிருந்து எம்வி கட்டளையால் /வார்/டபிள்யூ-டபிள்யூ-டபிள்யூ அடைவுக்கு நகர்த்தினால், நிர்வாகி ஹோம் என்ற முத்திரை அதனுடனேயே போகும். இணையச் சர்வர் நிரலான அப்பாச்சியால் அதைப் படிக்க முடியாது. அனுமதிகள் எல்லாம் சரியாக இருக்கின்றனவே என்று பார்ப்பவர் தலையைப் பிய்த்துக்கொள்வார். சிபி கட்டளையால் நகலெடுத்திருந்தால் போய்ச் சேரும் இடத்தின் முத்திரை கிடைத்திருக்கும். டம்ப் கோப்புகளுக்கு /வார்/பேக்கப்ஸ் இருக்கிறது, வேறு தரவுக்கு /எஸ்ஆர்வி இருக்கிறது. ரூட்டின் ஹோம் கிடங்கு அன்று.

ஒற்றைச்சாய்கோடு

கிடங்கு அன்று என்று சொல்லிவிட்டு, அதற்கென்று தனித் தொகுதியும் கட்டிக்கொடுக்கிறீர்கள். இடம் கொடுத்தால் நிரப்புவார்கள்.

மின்மினி

இடம் கொடுக்காவிட்டாலும் நிரப்புகிறார்கள் என்பதுதான் அகல்விளக்கு அவர்களின் முதல் பதிவு. உள்நுழைந்ததும் ஷெல் நிற்கும் இடம் எதுவோ, அங்கேதான் மனிதர்கள் கோப்பை இறக்குவார்கள். எந்த அடிக்குறிப்பும் அதை மாற்றப்போவதில்லை.

அகல்விளக்கு

விதிமுறையில் /ஹோம்/ரூட் என்ற வரியை நீக்கிவிட்டு இவ்வாறு எழுதியிருக்கிறேன்: ரூட்டின் ஹோம் அடைவு /ரூட், அது வேர்ப் பார்ட்டிஷனில் 0700 அனுமதியோடு, ஷெல் அமைப்புக் கோப்புகளும் நிர்வாகச் சாவியும் அடங்கியதாக இருக்க வேண்டும், டேட்டாபேஸ் சர்வர்களில் மட்டும் அதன் மேல் ஒரு தனித் தொகுதி நோஃபெயில் குறிப்போடு மவுண்ட் செய்யப்பட வேண்டும், அனுமதியும் முத்திரையும் மவுண்டுக்குப் பின் சரிபார்க்கப்பட வேண்டும். மற்ற நிர்வாகிகளின் சாவிகள் /ஈடிசியின் கீழ் போகின்றன.

பேக்கப் விஷயத்தில் மட்டும் நான் இறங்கி வரவில்லை. /ஹோமைத் தவறாமல் நகலெடுக்கும் ஏற்பாடுகள் பலவற்றில் /ரூட் விடுபட்டுப்போகிறது. காரணம் அது /ஹோமில் இல்லை என்பது மட்டுமே. எங்கள் விதிமுறையில் அதைத் தனிவரியாகவே சேர்க்க வேண்டியிருந்தது. எல்லாப் பயனரையும் ஒரே இடத்தில் வைத்திருந்தால் அந்த வரிக்குத் தேவையே இருந்திருக்காது.

பழங்கணினி

அந்த வரியை எழுதும்போது ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். பேக்கப் நிரல் ஒரே கோப்பு முறைமைக்குள் நிற்க வேண்டும் என்ற விருப்பத்தோடு இயங்கினால், வேரை நகலெடுக்கும்போது /ரூட்டின் மேல் அமர்ந்திருக்கும் தொகுதியை அது தாண்டிச் சென்றுவிடும். டேட்டாபேஸ் சர்வர்களில் /ரூட்டைத் தனிப் பாதையாகக் குறிப்பிடுங்கள்; அடியிலிருக்கும் அடைவும் நகலில் வேண்டுமென்றால், பைண்ட் செய்த இடத்தின் வழியாக அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.